கேமராவுக்கு முதுகு தெரியாது

மரக்காணம் என்றதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஞாபகம் வருவது உப்பளம்தான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பில் வெள்ளைக் குவியல்கள், தூரத்தில் குனிந்து உப்பு வாருகிற ஒன்றிரண்டு பேர். பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தால் அவர்கள் முகம் தெரியாது. காலில் உப்புத் தண்ணீர் அரித்த புண்ணும் தெரியாது. உப்பளத்தைப் பார்த்தாகிவிட்டது என்ற திருப்தி மட்டும் மிஞ்சும்.

சிறையில் இருக்கும் விசாரணைக் கைதியை வீடியோவில் பார்க்கிற நீதிமன்றமும் அந்த பஸ் ஜன்னல் மாதிரிதான். "ஆஜர்படுத்தப்பட்டார்" என்று கோப்பில் எழுதிவிடலாம். எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால்தான் பதில் சொல்வது கஷ்டம்.

உடனே "பேங்கில் கம்ப்யூட்டர் வந்தபோது கொடி பிடித்த கோஷ்டி இங்கேயும் வந்துவிட்டதா?" என்று கேட்காதீர்கள். டெக்னாலஜியோடு யாருக்கும் சண்டை இல்லை. 2003-ல் மகாராஷ்டிரா அரசுக்கும் டாக்டர் பிரஃபுல் தேசாய்க்கும் நடந்த வழக்கில், அமெரிக்காவில் இருக்கும் ஒரு டாக்டரின் சாட்சியத்தை வீடியோ மூலம் பதிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த டாக்டர் சுதந்திர மனிதர். அவர் பேசும்போது அவரை அடைத்து வைத்திருப்பவர் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. பேசி முடித்ததும் அவர் தன் வீட்டுக்குப் போகலாம். விசாரணைக் கைதியின் நிலைமை அதுவா? சாட்சிக்குப் பொருந்துகிற சட்டையைக் கைதிக்கு மாட்டிவிட்டு "அளவு சரியாத்தானே இருக்கு" என்று கேட்பதுதான் இங்கே தகராறு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ஒருவரைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மேஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167-வது பிரிவில் 2008-ல் நாடாளுமன்றம் ஒரு திருத்தம் நிறைவேற்றி, அது 2009 கடைசியில் அமலுக்கு வந்தது. முதல் தடவையும், போலீஸ் காவலில் இருக்கும்வரை ஒவ்வொரு தடவையும் ஆளை நேரில்தான் நிறுத்த வேண்டும். நீதிமன்றக் காவலுக்கு, அதாவது சிறைக்குப் போன பிறகு ரிமாண்டை நீட்டிக்கும்போது மட்டும் நேரிலும் நிறுத்தலாம், வீடியோவிலும் காட்டலாம். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 187-வது பிரிவிலும் இதே ஏற்பாடு இருக்கிறது.

ஆனால் புதிய சட்டம் அதோடு நிற்கவில்லை. குற்றச்சாட்டை வாசித்துக் காட்டுவதையே மின்னணு முறையில் செய்யலாம் என்கிறது. சாட்சி விசாரணைக்கும் அந்த வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. 530-வது பிரிவு எல்லா விசாரணைகளையும் நடவடிக்கைகளையும் மின்னணு முறையில் நடத்தலாம் என்று ஒரே வரியில் கதவை முழுசாகத் திறந்துவிடுகிறது. "ரிமாண்ட் நீட்டிப்புக்கு மட்டும்" என்று ஆரம்பித்த விஷயம் வழக்கின் மையம்வரை வந்துவிட்டது. ஒட்டகம் கூடாரத்துக்குள் மூக்கை மட்டும்தான் நுழைத்தது என்று கதை சொல்வார்களே, அதேதான்.

இப்போது மரக்காணம் பக்கத்தில் இருந்து ஒருவர் கைதாகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர். அடிதடி கேஸோ திருட்டு கேஸோ, செய்தாரா இல்லையா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும். திண்டிவனத்தில் மேஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். ரிமாண்ட். விழுப்புரம் பக்கம் வேடம்பட்டில் இருக்கும் மாவட்டச் சிறைக்கோ, கடலூர் மத்திய சிறைக்கோ போகிறார். பதினைந்து நாள் கழித்து வாய்தா. சிறைக்குள் ஒரு அறை, ஒரு கேமரா, ஒரு டிவி. வரிசையில் நிற்கிறார். பெயர் கூப்பிடுகிறார்கள், கேமரா முன்னால் நிற்கிறார். மேஜிஸ்திரேட் தலை நிமிர்ந்து பார்க்கிறார். காவல் நீட்டிக்கப்பட்டது. அடுத்த ஆள். எவ்வளவு நேரம்? பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிற நேரம்.

இந்த நேரத்தில் அவருடைய வக்கீல் எங்கே? அவர் நீதிமன்றத்தில் இருந்தால் கைதியோடு தனியாகப் பேச முடியாது. சிறையில் இருந்தால் மேஜிஸ்திரேட் முன்னால் நிற்க முடியாது. இலவச சட்ட உதவி வக்கீலாக இருந்தால் கைதியை அதுவரை சந்தித்திருப்பாரா என்பதே சந்தேகம். 2012-ல் அஜ்மல் கசாப் வழக்கின் தீர்ப்பில், முதல்முறை ஆஜர்படுத்தும்போதே "உனக்கு வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, வசதி இல்லாவிட்டால் அரசு வைத்துத் தரும்" என்று சொல்லவேண்டியது மேஜிஸ்திரேட்டின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மும்பையில் அத்தனை பேரைக் கொன்ற வழக்கிலேயே சொன்ன விஷயம் இது. உப்பளக் கூலிக்கு மட்டும் அது வேண்டாமா?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 60 நாளில், பெரிய குற்றமாக இருந்தால் 90 நாளில், போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் கைதிக்கு ஜாமீன் கேட்கிற உரிமை வந்துவிடுகிறது. கருணையால் கிடைப்பது இல்லை, உரிமை. ஆனால் அதைக் கேட்க வேண்டும். கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போச்சு. 2017-ல் ராகேஷ் குமார் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுத்து மூலம் மனு இல்லாமல் வாயால் கேட்டாலும் போதும் என்றது. சரி, எந்த வாயால் கேட்பது? கேமரா முன்னால் அரை நிமிடம் நிற்கிறவர், 60-வது நாள் என்றைக்கு முடிகிறது என்று யாரும் சொல்லித் தராதவர், சத்தம் விட்டு விட்டு வருகிற மைக்கில், சிறைக் காவலர் பக்கத்தில் நிற்க, "ஐயா, எனக்கு ஜாமீன் உரிமை வந்திருக்கிறது" என்று கேட்பாரா? நீதிமன்ற வராந்தாவில் நின்றால் பக்கத்து கேஸ் வக்கீலாவது "ஏம்ப்பா, எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்பார். அந்த வராந்தாவைத்தான் இப்போது மிச்சம் பிடிக்கிறார்கள்.

இப்போது தலைப்புக்கு வரலாம். கைதியை நேரில் நிறுத்து என்று சட்டம் சொன்னது மரியாதைக்காக இல்லை. உடம்பைப் பார்ப்பதற்காக. அடித்தால் அடி தெரியும். நொண்டினால் நடை காட்டிக்கொடுக்கும். பயம் இருந்தால் கண் போலீஸ்காரர் பக்கம் ஓடும். கேமராவுக்குத் தெரிவது கழுத்துக்கு மேலே. அடி விழுவது பெரும்பாலும் கழுத்துக்குக் கீழே. இதுதான் மொத்தப் பிரச்சினையும்.

"போலீஸ் காவலில் இருக்கும்போது நேரில்தானே நிறுத்துகிறார்கள்? சிறைக்குப் போனபிறகு யார் அடிக்கப் போகிறார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று பதில் உண்டு. ஒன்று, சிறையிலும் அடி உண்டு. அங்கே நடப்பதை அங்கேயே உட்கார்ந்துகொண்டு சொல் என்பது எந்த ஊர் நியாயம்? இரண்டு, போலீஸ் அடித்ததை முதல் நாளே சொல்கிற தைரியம் எல்லோருக்கும் வராது. அவர்களே கூட்டிக்கொண்டு வந்து, அவர்களே பக்கத்தில் நிற்கும்போது என்ன சொல்வது? இரண்டாவது, மூன்றாவது வாய்தாவில்தான் வாய் திறக்கும். மூன்று, புதிய சட்டத்தில் 15 நாள் போலீஸ் காவலை ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதில்லை. முதல் 40 நாளுக்குள், பெரிய குற்றமாக இருந்தால் 60 நாளுக்குள், துண்டு துண்டாக எடுக்கலாம். திரும்பவும் போலீஸ் கேட்கலாம் என்று தெரிந்த கைதி எவ்வளவு பேசுவார்?

சாத்தான்குளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஜூன் 19-ம் தேதி ஜெயராஜையும் பென்னிக்சையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ரிமாண்ட் ஆகி கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22-ம் தேதி மகன் இறந்தார், 23-ம் தேதி அப்பா இறந்தார். அந்த ரிமாண்ட் அன்றைக்கு மேஜிஸ்திரேட் அவர்களைக் கிட்டே வரவழைத்துப் பார்க்கவே இல்லை, தூரத்தில் இருந்தே கையசைத்து அனுப்பிவிட்டார் என்று அப்போது செய்திகள் வந்தன, நாடே கொதித்தது.

வீடியோவை ஆதரிப்பவர்கள் இதையே திருப்பிப் போடுகிறார்கள். "பார்த்தீர்களா, நேரில் கொண்டுபோயும் என்ன பிரயோஜனம்? பார்க்காதவருக்கு நேரில் நிறுத்தினால் என்ன, வீடியோவில் காட்டினால் என்ன?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். செய்திகள் சொன்னது உண்மையானால் அங்கே நடந்த தப்பு என்ன? தூரம். அந்தத் தூரத்தைக் குறைப்பதுதான் மருந்தே தவிர, இன்னும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் கூட்டி அதைச் சட்டமாக்குவது மருந்து இல்லை. அன்றைக்கு தூரத்தில் இருந்து பார்த்தது தப்பு என்று கோபப்பட முடிந்தது. நாளைக்கு எல்லாமே தூரத்தில் என்று ஆகிவிட்டால் கோபப்படக்கூட முடியாது. "விதிப்படிதான் நடந்தது" என்று பதில் வரும்.

வெளிநாட்டுக் கதை ஒன்று. அமெரிக்காவில் சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுண்டியில் 1999-ல் பெரும்பாலான ஜாமீன் விசாரணைகளை டிவி வழியாக நடத்த ஆரம்பித்தார்கள். கொலை போன்ற சில வழக்குகள் மட்டும் பழையபடி நேரில் நடந்தன. 2010-ல் வெளியான ஓர் ஆய்வு லட்சக்கணக்கான வழக்குகளை எடுத்துக் கணக்குப் பார்த்தது. டிவிக்கு மாறிய வழக்குகளில் நீதிபதிகள் கேட்ட ஜாமீன் தொகை சராசரியாக 51 சதவீதம் ஏறியிருந்தது. நேரில் நடந்த வழக்குகளில் அப்படி ஓர் ஏற்றம் இல்லை. அதே ஊர், அதே நீதிமன்றம். வித்தியாசம் நடுவில் இருந்த டிவிதான். இந்த முறையை எதிர்த்து 2006-ல் வழக்குப் போட்டார்கள். 2008 கடைசியில் குக் கவுண்டி நேரடி விசாரணைக்கே திரும்பியது. கண் முன்னால் நிற்கிற மனிதனிடம் ஒரு தொகை, டிவியில் தெரிகிற உருவத்திடம் அதில் ஒன்றரை மடங்கு. எந்த நீதிபதியும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். அதுதான் பயமே.

சரி, எதிர்த்தரப்பு வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதல் வாதம் செலவு. ஒரு கைதியைக் கொண்டுபோக எஸ்கார்ட் போலீஸ், வண்டி, டீசல், படி எல்லாம் வேண்டும். ஆயுதப்படைப் போலீஸ் வேறு பந்தோபஸ்துக்குப் போய்விட்டால் எஸ்கார்ட் இல்லை, கைதி வரவில்லை, வாய்தா தள்ளிப்போகும். இதெல்லாம் உண்மைதான். வீடியோ வந்தால் இந்தச் செலவு மிச்சம் என்கிறார்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. பி.காம். முதல் வருடத்தில் முதல் வாரம் சொல்லித் தருவது இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆகவேண்டும். காவல்துறைக்கு டீசல் மிச்சம் என்று வரவு எழுதுகிறீர்கள். பற்று யார் கணக்கில் ஏறுகிறது? வக்கீலோடு பேச முடியாத கைதி கணக்கில். கூடுதலாகச் சிறையில் கிடக்கும் நாட்களுக்கு இழந்த கூலி அவர் வீட்டுக் கணக்கில். செலவு குறையவில்லை. அரசாங்கத்தின் பேரேட்டில் இருந்து ஏழையின் வீட்டுக்கு மாறியிருக்கிறது. அந்த வீட்டில் பேரேடு கிடையாது என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

அந்த வீட்டைக் கொஞ்சம் பாருங்கள். உப்பளத்தில் வேலை வருஷம் முழுக்க இல்லை. வெயில் மாதங்களில்தான் உப்பு விளையும். மழை இறங்கினால் பாத்தியில் வேலை இல்லை. அந்த மாதங்களைச் சமாளிக்க உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தர ஆரம்பித்ததே அதனால்தான். இப்படிப்பட்ட வீட்டில் இருந்து ஒரு பெண், சிறைக்கு மனு போட்டுப் புருஷனைப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு நாள் கூலி, பஸ் சார்ஜ், காத்திருப்பு. வாய்தா நாளில் திண்டிவனம் போனால் வக்கீலையும் பார்க்கலாம், அவரையும் ஒரு கண் பார்க்கலாம். "புள்ள பள்ளிக்கூடம் போறானா?" என்று ஒரு கேள்வி, "போறான்" என்று ஒரு பதில். வீடியோ வந்தபின் வாய்தா நாளில் நீதிமன்றத்துக்குப் போனால் டிவி நீதிபதியைப் பார்த்துத் திரும்பியிருக்கும். இந்த நஷ்டத்தை எந்தத் துறை கணக்கில் எழுதுவது?

இரண்டாவது வாதம் உண்மையிலேயே கனமானது. நேரில் கொண்டுபோவது என்ன சுகமா? விலங்கு, வேன், பட்டினி, ஊர் பார்க்க நடத்திக்கொண்டு போவது. பல கைதிகளே வீடியோ பரவாயில்லை என்பார்கள். ஆம், சொல்வார்கள். ஆனால் காரணமில்லாமல் விலங்கு போடாதே என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் சொல்லிவிட்டது. கொண்டுபோகிற விதம் அசிங்கமாக இருந்தால் அந்த விதத்தை மாற்றுங்கள். சோறு போடாமல் கூட்டிப்போய்விட்டு, "பார், இவனுக்குக் கோர்ட்டே பிடிக்கவில்லை" என்பது நியாயமா?

மூன்றாவது, ஸ்டேன் சுவாமி. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார். 84 வயதில், நடுக்கவாத நோயோடு, மும்பை பக்கம் தலோஜா சிறையில் இருந்தார். 2021 மே 21-ம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை வீடியோவில் நேராக விசாரித்தது. சிறைக்கு வந்தபோது இருந்த உடம்பு இப்போது இல்லை, தானாகச் சாப்பிடவும் நடக்கவும் முடியவில்லை என்று அவர் தன் வாயால் சொன்னார். பிறகு நீதிமன்ற உத்தரவின்பேரில் தனியார் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். ஜூலை 5-ம் தேதி விசாரணைக் கைதியாகவே இறந்தார். வீடியோ இல்லாவிட்டால் அந்தக் கொரோனா காலத்தில் நீதிபதிகள் அவர் குரலைக் கேட்டிருக்கவே முடியாது. மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே வீடியோ எதற்குப் பயன்பட்டது என்று பாருங்கள். வர முடியாதவரைக் கேட்பதற்கு. வக்கீல்கள் கூட இருந்தார்கள், நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, நீதிபதிகள் உட்கார்ந்து அவரைப் பேசவிட்டார்கள். வர முடியாதவருக்காகத் திறந்த ஜன்னலைக் காட்டி, வரக்கூடியவருக்கும் வாசலை அடைப்பதுதான் தப்பு.

கடைசியாக ஒரு வாதம், வெளியே சொல்லாவிட்டாலும் பலர் மனதில் இருப்பது. "குற்றவாளிக்கு என்ன இவ்வளவு அக்கறை?" 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து 14 பேர் இறந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரர்களிடம் போய்க் கைதியின் உரிமை என்று பேசினால் செருப்பைத்தான் எடுப்பார்கள், அவர்கள் கோபத்தில் தப்பே இல்லை. ஆனால் அவர்களுக்கு வேண்டியது என்ன? யார் செய்தார்களோ அவர்கள் மீது, மேல்முறையீட்டில் உடையாத ஒரு தீர்ப்பு. குற்றச்சாட்டு சரியாக விளங்கவில்லை, வக்கீலோடு பேச விடவில்லை, சாட்சி சொன்னது காதில் விழவில்லை என்று பத்து வருஷம் கழித்து ஒரு வழக்கு உடைந்தால் அழப்போவது யார்? நேர்மையான நடைமுறை குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை, செத்தவர் வீட்டுக்கும் அதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று, அவர்கள் எல்லோரும் குற்றவாளிகளும் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு சிறைக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே எழுதவில்லை.

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்வது? வீடியோ பெட்டிகளைக் கடலில் போடச் சொல்லவில்லை. கேட்பது நான்கே நான்கு.

ஒன்று: முதல் ரிமாண்ட், ஜாமீன் விசாரணை, குற்றச்சாட்டு வாசிப்பு, சாட்சி விசாரணை, இந்த நான்கும் நேரில்தான். கைதி வர முடியாத நோயாளியாக இருந்தாலோ, வக்கீலோடு கலந்து பேசிய பிறகு அவரே வீடியோ போதும் என்று கேட்டாலோ மட்டும் விலக்கு.

இரண்டு: ரிமாண்ட் நீட்டிப்பை வீடியோவில் நடத்தினாலும் குறைந்தது மாதத்துக்கு ஒரு தடவை ஆளை நேரில் பார்க்க வேண்டும். எஸ்கார்ட் இல்லை என்றால் மேஜிஸ்திரேட் சிறைக்குப் போகட்டும். கைதி வருவதற்கு நூறு போலீஸ் வேண்டியிருக்கலாம், மேஜிஸ்திரேட் போவதற்கு ஒரு ஜீப் போதும்.

மூன்று: வீடியோ அறைக்குள் சிறைக் காவலர் நிற்கக்கூடாது, வாசலில் நிற்கட்டும். வக்கீலோடு பேச யாரும் ஒட்டுக்கேட்காத தனி லைன் ஒன்று வேண்டும்.

நான்கு: ஒவ்வொரு தடவையும் மேஜிஸ்திரேட் மூன்று கேள்வி கேட்டு, பதிலைக் கைதி சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். உன்னை யாராவது அடித்தார்களா? உன் வக்கீலைக் கடைசியாக எப்போது பார்த்தாய்? நீ உள்ளே வந்து எத்தனை நாள் ஆச்சு, உனக்கு ஜாமீன் உரிமை என்றைக்கு வருகிறது என்று தெரியுமா?

இதற்கு ஆகிற செலவு ஒன்றும் மலை இல்லை. கொஞ்சம் டீசல், கொஞ்சம் நேரம், ஒரு வாசல் கதவு.

மரக்காணத்து உப்பு எல்லோர் வீட்டுச் சமையலறைக்கும் போகிறது. வாரினவர் முகம் பாக்கெட்டில் இல்லை, யாரும் கேட்பதும் இல்லை. கடையில் அது பரவாயில்லை. நீதிமன்றத்தில் பரவாயில்லை என்று விட முடியாது. அங்கே எடை போடுவது உப்பை இல்லை, ஆளை. எடை போட வேண்டுமானால் தட்டில் வைத்துத்தானே ஆகவேண்டும்? போட்டோவைத் தட்டில் வைத்து எடை பார்க்கிற கடைக்காரரிடம் நீங்கள் சாமான் வாங்குவீர்களா?